பேக்-12 தலைவர்களுக்கு: அடுத்த கமிஷனர் பேச்சை இப்போதே தொடங்குங்கள்

பேக்-12 கான்ஃபரன்ஸின் உறுப்புப் பல்கலைக்கழகத் தலைவர்களுக்கு,

வணக்கம். நான் புல்மேனில் படித்தவன், வாஷிங்டன் ஸ்டேட், உங்கள் பேக்-12இல் ஒன்று. (கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் விளையாடவும் டிவி உரிமையைச் சேர்ந்து விற்கவும் கூடிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் குழு.) சனிக்கிழமை மதியமானால் லேபை மூடிவிட்டு மார்ட்டின் ஸ்டேடியத்துக்கு ஓடிய கூட்டத்தில் நானும் ஒருவன். அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை ஏன் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதே புரியாமல் வந்து, கடைசியில் ஆப்பிள் கப்பில், அதாவது வாஷிங்டன் பல்கலைக்கழகத்துடன் மோதும் ஆட்டத்தில், தோற்றால் இரண்டு நாள் யாருடனும் பேசாதவனாக மாறிய தமிழ்ப் பையன்களும் பெண்களும் உங்கள் வளாகங்களில் நிறையப் பேர். பழைய மாணவர் நிதி கேட்டு எங்களுக்கும்தான் போன் வருகிறது. அதனால் நானும் கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்று தமிழிலேயே கேட்கிறேன்.

கேள்வி இதுதான்: உங்கள் கமிஷனர் டெரேசா கோல்டுக்கு அப்புறம் யார்? அவர் போக வேண்டும் என்று சொல்லவில்லை, நேர்மாறாக, 2009க்குப் பிறகு நீங்கள் நியமித்தவர்களில் அந்த நாற்காலிக்குத் தகுதியானவர் அவர்தான் என்பது என் கருத்து. ஆனால் ஒருவர் கிளம்பிய பிறகுதான் அடுத்தவரைப் பற்றி யோசிப்பது என்ற உங்கள் பழக்கம் நூறு வருஷத்துக்கும் மேலான ஒரு கான்ஃபரன்ஸை என்ன செய்தது என்பதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். 1915இல் உருவான அமைப்பின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள், 2023 ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரே வெள்ளிக்கிழமையில் ஐந்து பல்கலைக்கழகங்களை இழந்தீர்கள்.

விளையாட்டை அதிகம் தொடராதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கமிஷனர் என்ற பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய அதிகாரி போலத் தோன்றும். அப்படி இல்லை. அவர் உங்கள் சம்பளக்காரர். கான்ஃபரன்ஸின் போர்டு என்பது பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் சான்சலர்களும்தான். ஓட்டு உங்களுக்கு மட்டும். டிவி ஒப்பந்தம், புது உறுப்பினர், கமிஷனரின் சம்பளம், அவரது வெளியேற்றம், எல்லாமே உங்கள் கைதூக்கலில் முடிவாவது. ஆனால் கப்பல் கவிழ்ந்தால் மட்டும் பத்திரிகையில் கமிஷனர் படம்தான் வரும். லாரி ஸ்காட் கெடுத்தார், ஜார்ஜ் கிளியாவ்காஃப் கெடுத்தார் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவர்களை யார் எடுத்தார்கள், எதை நம்பி எடுத்தார்கள், எடுத்த பிறகு என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

26 வருஷம் கமிஷனராக இருந்த டாம் ஹேன்சன் 2009இல் ஓய்வு பெற்றபோது, பெண்கள் டென்னிஸ் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்த ஸ்காட்டைக் கொண்டுவந்தீர்கள். கல்லூரி விளையாட்டு நிர்வாகத்தில் அவர் வேலை பார்த்ததில்லை. புது ரத்தம் என்றீர்கள். சரி, முதலில் நன்றாகத்தான் போயிற்று. 2011இல் டிவி நிறுவனங்களான ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டுடனும் 12 வருஷத்துக்குச் சுமார் 300 கோடி டாலர் ஒப்பந்தம். அன்றைக்கு அது சாதனை. கொலராடோவும் யூட்டாவும் உள்ளே வந்தன. 2012 ஆகஸ்ட்டில் சொந்தச் சேனல்கள், தேசிய அளவில் ஒன்று, வட்டார அளவில் ஆறு. முழுக்க முழுக்க நம்முடையது, யாருக்கும் பங்கு கிடையாது என்று பெருமைப்பட்டார்கள். யாருக்கும் பங்கு இல்லை என்றால் அதை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் கவலையும் யாருக்கும் இல்லை என்றுதானே அர்த்தம்? டைரக்ட்டிவி என்ற சாட்டிலைட் சேவையில் அந்தச் சேனல் கடைசி வரை வரவே இல்லை. என் நண்பன் வீட்டில் டைரக்ட்டிவி. தன் கல்லூரி ஆட்டத்தைப் பார்க்க ஸ்போர்ட்ஸ் பார் தேடிப் போவான். தென்கிழக்கு மாநிலங்களின் கான்ஃபரன்ஸான எஸ்இசி 2014இல் சேனல் தொடங்கியபோது ஈஎஸ்பிஎன்னையே உரிமையாளராக வைத்துக்கொண்டது. விநியோகம் ஈஎஸ்பிஎன்னின் தலைவலி ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் சான் பிரான்சிஸ்கோவின் நடுவே அலுவலகம், வருஷத்துக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் வாடகை. ஸ்காட்டின் வருஷ ஊதியம் 50 லட்சம் டாலரைத் தாண்டியது, அன்றைய கான்ஃபரன்ஸ் கமிஷனர்களிலேயே மிக அதிகம். இதையெல்லாம் அவர் திருடிக்கொண்டு போகவில்லை. நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள், பன்னிரண்டு வருஷம்.

2021 ஜனவரியில் அவரை அனுப்ப முடிவெடுத்தபோது சொன்ன காரணம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. டிவி ஒப்பந்தம் 2024இல் முடிகிறது, அடுத்த பேரம் பேசப்போகிறவர் முன்கூட்டியே வந்து உட்காரட்டும் என்று, அவர் ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே பிரிந்தீர்கள். நல்ல யோசனை. ஆனால் ஆளைத் தேடிய விதம் பழைய விதமே. எம்ஜிஎம் ரிசார்ட்ஸில் பொழுதுபோக்கு, விளையாட்டுப் பிரிவின் தலைவராக இருந்த கிளியாவ்காஃப். மறுபடியும் கல்லூரி விளையாட்டில் வேலை பார்த்திராத ஒருவர். 2021 ஜூலை 1 அன்று வேலையில் சேர்ந்தார். அந்த மாதம் முடிவதற்குள் டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸை விட்டு எஸ்இசிக்குப் போவது உறுதியாகிவிட்டது. மனிதருக்கு இன்னும் யார் எந்தப் பல்கலைக்கழகத்தின் அத்லெடிக் டைரக்டர் என்ற முகப்பழக்கம்கூட வந்திருக்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எல்லாரும் 2023ஐப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கோ 2021 ஆகஸ்ட்தான் கண்ணில் நிற்கிறது. பிக் 12இல் மிச்சமிருந்த எட்டுப் பேரும் பயந்துபோய் எங்கே ஒதுங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேக்-12 வேண்டியவர்களைப் பொறுக்கி எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் இன்று பிக் 12 என்ற போட்டியாளரே இருந்திருக்க மாட்டார், கொலராடோ ஓடுவதற்கு ஓர் இடமும் இருந்திருக்காது. ஆகஸ்ட் 26 அன்று, இப்போதைக்கு விரிவாக்கம் இல்லை என்று அறிவித்தீர்கள். அதே வாரத்தில் வேறு கான்ஃபரன்ஸ்களான பிக் டென், ஏசிசி இரண்டுடனும் சேர்ந்து ஒரு கூட்டணி. அதில் கையெழுத்துக்கூடக் கிடையாது, வாய்வார்த்தை. விரிவாக்கத்தை எதிர்த்ததில் முன்னால் நின்றது உங்கள் உறுப்பினரான லாஸ் ஏஞ்சலஸின் யூஎஸ்சி என்று பின்னால் செய்தி வந்தது. பத்து மாதம் கழித்து, 2022 ஜூன் 30, யூஎஸ்சியும் யூசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போகிறோம் என்று அறிவித்தன. கூட்டாளி என்று கை குலுக்கிய அதே பிக் டென்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒருவரால் அந்த மேசையில் எழுந்து நின்று "நீங்கள் செய்வது தவறு" என்று சொல்லியிருக்க முடியுமா? பத்து வருஷம் உள்ளேயே இருந்து, எந்தத் தலைவர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று எடைபோடத் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். வெளியாளை எடுத்ததற்குக் கொடுத்த விலை இதுதான். அவருக்குத் திறமை போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. உங்களை எதிர்த்துப் பேசும் தைரியம் வருவதற்கு வேண்டிய காலம் அவருக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. ஈஎஸ்பிஎன் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வருஷத்துக்கு 3 கோடி டாலர் அளவில் பேச வந்ததாகவும், நீங்கள் 5 கோடி கேட்டதாகவும் பல பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். அதற்குள் பிக் 12 உங்களை முந்திக்கொண்டு 2022 அக்டோபரில் கையெழுத்துப் போட்டுவிட்டது. 2023 தொடக்கத்தில் இன்னொரு குண்டு: கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் பல வருஷமாகச் சேனலுக்குக் கூடுதலாகக் கட்டிவந்த சுமார் 5 கோடி டாலரைத் திருப்பித் தர வேண்டும், விஷயம் தெரிந்தும் போர்டுக்குச் சொல்லவில்லை என்று இரண்டு மேலதிகாரிகள் வேலையிழந்தார்கள். புதிதாக வந்தவர் கைக்குப் பழைய கணக்கு சரியாக வந்துசேரவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

2023 ஜூலை 21, லாஸ் வேகஸில் கிளியாவ்காஃப் பத்திரிகையாளர்கள் முன்னால் நின்று, காத்திருக்கக் காத்திருக்க நமக்கு நல்ல வாய்ப்புகள் வருகின்றன என்ற மாதிரி பேசினார். ஆறே நாளில் கொலராடோ பிக் 12க்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 1 அன்று ஆப்பிளின் திட்டத்தை முன்வைத்தார், அடிப்படைத் தொகை ஆளுக்கு 2 கோடியே 30 லட்சம் டாலர் போல, மீதி சந்தா சேர்வதைப் பொறுத்து. ஆகஸ்ட் 4, ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென். அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12. செப்டம்பர் 1, ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏசிசி. பசிபிக் கரையில் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்கள் அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில்! சிரிக்கலாம், ஆனால் நட்டநடு செமஸ்டரில் வாலிபால் ஆட நாடு தாண்டிப் பறந்துவிட்டு மறுநாள் காலை ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தேர்வு எழுதும் பெண்ணுக்குச் சிரிப்பு வராது. எங்கள் வாஷிங்டன் ஸ்டேட்டில் 2025இல் தடகளத்தில் களப்போட்டிகளையே நிறுத்திவிட்டார்கள், குறுந்தூர ஓட்டத்தையும் சேர்த்து. நீண்டதூர ஓட்டம் மட்டும் மிச்சம். ஈட்டி எறியவும் உயரம் தாண்டவும் வந்த பிள்ளைகள் எந்த டிவி பேரத்திலும் உட்கார்ந்தவர்கள் இல்லை.

இதைப் படிக்கும் உங்கள் வழக்கறிஞர் உடனே ஒன்று கேட்பார்: பிக் 12இன் கமிஷனர் பிரெட் யார்மார்க்கும் வெளியாள்தானே? ஆமாம். ராக் நேஷன் என்ற பொழுதுபோக்கு நிறுவனத்தில் இருந்து வந்தவர், முன்பு புரூக்ளினில் பார்க்லேஸ் சென்டரை நடத்தியவர், கல்லூரி விளையாட்டு அவருக்கும் புதிது. அவர் பெயர் அறிவிக்கப்பட்ட அதே வாரத்தில்தான் யூஎஸ்சி, யூசிஎல்ஏ செய்தி வெடித்தது. 2022 ஆகஸ்ட்டில் சேர்ந்து, அக்டோபருக்குள் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸுடன் ஆறு வருஷத்துக்குச் சுமார் 228 கோடி டாலரில் முடித்துக்கொண்டார். ஆளுக்கு வருஷத்துக்கு 3 கோடியே 17 லட்சம். இன்னும் அதிகம் கிடைக்குமா என்று பார்க்காமல், கிடைத்ததை முதலில் வாங்கிப் பூட்டினார். அவருடைய போர்டு ஒரு வருஷம் முன்னால்தான் சாவின் வாசலைப் பார்த்துவிட்டு வந்திருந்தது, அதனால் ஒரே குரலில் போ, முடி என்று அனுப்பியது. உங்கள் ஆளோ பத்துத் தலைவர்களின் பத்து எதிர்பார்ப்புகளைத் தூக்கிக்கொண்டு பேரத்துக்குப் போனார். ஆகவே உள்ளாளா வெளியாளா என்பதை மட்டும் வைத்து நான் சண்டை போடவில்லை. ஆளை மாற்றிய இரண்டு தடவையும் நீங்கள் உங்களை மாற்றிக்கொள்ளவில்லை என்பதுதான் என் புகார்.

எஸ்இசியைப் பாருங்கள், பிடிக்காவிட்டாலும் பாருங்கள். மைக் ஸ்லைவ் 2002இல் கமிஷனரானபோதே, சவுத்லேண்ட் கான்ஃபரன்ஸின் கமிஷனராக இருந்த கிரெக் சாங்கியைத் தன்னுடன் அழைத்துக்கொண்டார். பதின்மூன்று வருஷம் சாங்கி அந்த அலுவலகத்தில், விதிமீறல் விசாரணைகளில் தொடங்கி எல்லா வேலையையும் பார்த்தார். 2014 அக்டோபரில் ஸ்லைவ் அடுத்த கோடையில் விலகுகிறேன் என்றார், மார்ச்சில் சாங்கி பெயர் வந்தது, ஜூனில் நாற்காலி கைமாறியது. எஸ்இசி தலைமையகம் இருக்கும் பர்மிங்ஹாமில் யாரும் அதிரவில்லை. எந்தத் தலைவர் கூட்டத்தில் என்ன பேசுவார், வெளியே போய் என்ன பேசுவார் என்பது சாங்கிக்கு முதல் நாளே தெரியும்.

பிக் டென்னில் இது பாதிதான் நடந்தது. முப்பது வருஷம் ஆண்ட ஜிம் டெலனி, 2019இல் அறிவிக்கப்பட்ட கெவின் வாரனுடன் சில மாதம் உடனிருந்துவிட்டுத்தான் 2020 ஜனவரியில் விலகினார். ஆனால் கோவிட் வந்தது, ஆகஸ்ட்டில் ஃபுட்பாலைத் தள்ளிவைத்து செப்டம்பரில் திரும்பக் கொண்டுவந்து, பெற்றோர்களிடமும் ஆட்டக்காரர்களிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டார் வாரன். 2022இல் 700 கோடி டாலருக்கு மேல் டிவி ஒப்பந்தம் அறிவித்துவிட்டு, 2023 தொடக்கத்தில் சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் (என்எஃப்எல்) அணிக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போனதில் எழுதி முடிக்காத பகுதிகள் இருந்ததாகவும், அடுத்து வந்த டோனி பெட்டிட்டிக்கு அதைச் சீர்செய்வதே முதல் வேலையானதாகவும் ஈஎஸ்பிஎன் எழுதியது. பணம் இருந்ததால் தாங்கிக்கொண்டார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை.

இப்போது கோல்டுக்கு வருகிறேன். 2018 முதல் உங்கள் அலுவலகத்தில் இருந்தவர், அதற்கு முன் பெர்க்லியிலும் டேவிஸிலும் கல்லூரி விளையாட்டு நிர்வாகத்திலேயே ஊறியவர். 2021இல் வேலை காலியானபோது இவர் உங்கள் பக்கத்து அறையில் இருந்தார். 2024 பிப்ரவரியில், பன்னிரண்டில் பத்துப் பேர் கிளம்பி, ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும் மிஞ்சிய நிலையில், கிளியாவ்காஃபுடன் பரஸ்பரம் பேசிப் பிரிந்தோம் என்று ஓர் அறிக்கை விட்டு, கோல்டைக் கமிஷனராக்கினீர்கள். பவர் ஃபைவ் என்ற ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றை நடத்தும் முதல் பெண் என்று செய்தி போட்டார்கள். எரிந்து முடிந்த வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு முதல் பெண் தலைவி என்று மாலை போட்ட கதை. அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

ஆனாலும் அவர் செய்ததைப் பாருங்கள். விட்மன் கவுண்டி நீதிமன்றத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் கோல்ஃபாக்ஸ் ஊரில், போர்டின் கட்டுப்பாடு மிஞ்சிய இருவருக்கே என்று 2023 நவம்பரில் வாங்கிய தடையாணைதான் கையில் இருந்த ஒரே பலம். அதை வைத்துக்கொண்டு 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட். அதே மாதம் யூட்டா ஸ்டேட். அக்டோபரில் கொன்சாகா, ஃபுட்பால் இல்லை, ஆனால் பேஸ்கட்பாலில் யாரும் அலட்சியம் செய்ய முடியாத பெயர். 2025 ஜூன் கடைசியில் டெக்சஸ் ஸ்டேட். அதோடு ஃபுட்பால் ஆடும் உறுப்பினர்கள் எட்டு, கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை. 2026 ஜூலை 1 என்ற தேதிக்குள் ஒரு கான்ஃபரன்ஸை மறுபடி கட்டினார், அவர்களில் பலர் விட்டுவந்த மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸுடன் வழக்கு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே. சிபிஎஸ் டிவியுடன் 2031 வரை ஒப்பந்தமும் வந்தது. பழைய தொகைகளோடு ஒப்பிட்டால் சிறியது, ஒப்பிடாதீர்கள்.

எனக்குப் பயம் எங்கே என்றால், இந்தக் கான்ஃபரன்ஸின் நினைவு முழுவதும் இப்போது ஏறக்குறைய ஒரே தலையில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் விரிவாக்கம் வேண்டாம் என்று சொன்ன மேசையில் இருந்த ஒருவர்கூட இன்றைய உங்கள் போர்டில் இல்லை. ஆரிகன் ஸ்டேட்டின் ஜெயதி மூர்த்தி, ஐஐடி கான்பூரில் படித்தவர், 2022 செப்டம்பரில் வந்தார். அவருக்கு அந்த வீழ்ச்சி மட்டும்தான் சீதனமாகக் கிடைத்தது. எங்கள் பல்கலைக்கழகத்துக்கு எலிசபெத் கான்ட்வெல் 2025இல் வந்தார், வேடிக்கை என்னவென்றால் யூட்டா ஸ்டேட் பேக்-12க்கு வர முடிவெடுத்தபோது அங்கே தலைவராக இருந்தவரும் அவரே. மற்றவர்கள் அன்றைக்கு உறுப்பினர்களே இல்லை. பல்கலைக்கழகத் தலைவர்கள் சில வருஷத்தில் மாறுவார்கள், மாறத்தான் செய்வார்கள். எது ஏன் தப்பாகப் போனது என்று உள்ளிருந்து தெரிந்தவர் கோல்ட். நாளை ஒரு பெரிய கான்ஃபரன்ஸோ ஒரு என்எஃப்எல் அணியோ அவருக்கு இரண்டு மடங்கு சம்பளம் காட்டினால்? வாரன் போகவில்லையா?

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. துணைக் கமிஷனர் ஒருவரை, அல்லது இரண்டு பேரை, இப்போதே அடையாளம் காட்டி, உங்கள் போர்டு கூட்டங்களில் உட்கார வையுங்கள். காபி கொண்டுவரவும் ஸ்லைடு மாற்றவும் அல்ல, பேச. யாரை எடுத்தாலும் முந்தையவரும் புதியவரும் ஒரு முழு சீசனாவது சேர்ந்து இருக்கட்டும். ஒப்பந்தங்கள், கடன்கள், யாரோ யாருக்கோ வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதிகள் எல்லாம் ஒரே கோப்பில் எழுத்தில் இருக்கட்டும், அதை வருஷா வருஷம் போர்டு படிக்கட்டும், காம்காஸ்ட் கணக்கு மாதிரி இன்னொன்று எவர் மேசை டிராயரிலும் தூங்க வேண்டாம். தேடல் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து டிவி உலகத்திலிருந்து ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவரும் ஆசை மறுபடி வரும், வந்தால், அவர் எந்தப் பல்கலைக்கழகத் தலைவரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கப்பட்டவர் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

தேதி விஷயம் ஒன்று பாக்கி. சிபிஎஸ் ஒப்பந்தம் 2031இல் முடிகிறது என்றால் அடுத்த பேரம் 2029 வாக்கில் சூடு பிடிக்கும். பிக் 12இன் ஒப்பந்தமும் அதே 2031இல்தான் முடிகிறது, பிக் டென்னுடையது அதற்கும் முன்னால் 2030இல். எல்லாரும் ஒரே சந்தையில் ஒரே நேரத்தில் நிற்கப்போகிறீர்கள். அந்தச் சமயத்தில் கமிஷனர் நாற்காலியில் இருப்பவர் குறைந்தது இரண்டு வருஷமாவது அதில் உட்கார்ந்தவராக இருக்க வேண்டும். கோல்ட் அதுவரை இருப்பார் என்றால் அவரது ஒப்பந்தத்தை அதைத் தாண்டி நீட்டுங்கள், பொதுவில் சொல்லுங்கள். இருக்க மாட்டார் என்றால் அடுத்தவர் 2027க்குள் பக்கத்து நாற்காலிக்கு வந்தாக வேண்டும். இது உங்கள் அடுத்த போர்டு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாகவாவது வரட்டும். நிதி கேட்டு அடுத்த தடவை போன் வரும்போது, அந்த வரி வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கார்டு நம்பர் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
புல்மேனில் படித்த ஒரு தமிழன்